ஓர் ஆள் அகலம்

திராட்சைப் பெட்டிகள் அடுக்கியிருந்த அறையின் வாசலில் மட்டும் சிக்னல் செத்துப்போனது. ஓர் ஆள் அகலத்துக்குத்தான். லேப்டாப்பை அந்தப் பக்கம் நகர்த்தினால் ஐந்து கோடும் வந்தன. இந்தப் பக்கம் நகர்த்தினாலும் வந்தன.

"சொவரு கனம்ணே," என்றான் ரவுட்டர் மாட்ட வந்த பால்பாண்டி. அங்கே சுவரே இல்லை, திறந்த வாசல்.

கம்பத்தில் தௌபீக்கின் வீடு முன்கட்டிலிருந்து பின்கட்டு வரை நீண்டு கிடந்தது. அவன் மனைவி நசீமா, சவூதியில் இருக்கும் தன் அண்ணன் ரஹ்மத்தை எந்த அறையிலிருந்தும் பார்த்துப் பேச வேண்டும் என்றுதான் இத்தனை ஏற்பாடும். தொட்டதை அரைகுறையாக விடுகிற ஆளில்லை தௌபீக். ஒரு மூலை மிச்சம் இருக்கக்கூடாது.

நடுக்கூடத்தில் இரண்டாவது ரவுட்டர் ஏறியதும் வாசல் சரியானது. அந்த ஆள் அகலம் அறைக்கு உள்ளே நகர்ந்திருந்தது. புளித்த திராட்சை வாடைக்கு அடியில் பச்சை ரத்த வாடை லேசாக அடித்தது. மூன்றாவதை அறைக்குள்ளேயே மாட்டிவிடலாம் என்று பால்பாண்டி ஏணியில் ஏறினான். ஏதோ ஒன்று அவன் தலைமுடியைப் பற்றி முகத்தைச் சுவரில் மோதியது. மீண்டும் மோதியது. ஏணி அசையவில்லை, ஆள் மட்டும் தாடை பிளந்து விழுந்தான். பற்கள் தரையில் உருண்டன. அவனை ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

நசீமா தௌபீக்கின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "என்னங்க, அந்த ஒரு எடத்த விட்ருங்க. அது பாட்டுக்கு அங்கனயே கெடக்கட்டும். வீட்ல பச்சப்புள்ள இருக்கா."

"எவனோ நம்ம வீட்ல ஒளிஞ்சு கெடப்பான், நான் கையக் கட்டிக்கிட்டு நிக்கணுமா?"

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. நசீமா மகள் ரிஸ்வானாவை இழுத்துக்கொண்டு படுக்கையறையில் தாழ் போட்டுக்கொண்டாள். தௌபீக் தானே ஏணியில் ஏறி, மூன்றாவது ரவுட்டரை ஆணியில் தொங்கவிட்டு, சுவிட்சைத் தட்டினான். பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. கடைசி விளக்கும் எரிந்தபோது பெட்டிகள் வெடித்துச் சிதறின. மரச்சிம்புகள் கன்னத்தைக் கிழித்தன. மூலையில் பதுங்கியிருந்த பூனையை ஏதோ ஒன்று ஈரத்துணி மாதிரி முறுக்கிப் பிழிந்து எறிந்தது. பிறகு அவன் நெஞ்சில் ஓர் இடி. சில்லென்று.

அமைதி.

விரட்டிவிட்டோம் என்று பூரித்துப்போனான். கூடத்துக்கு வந்தான். நசீமா பேச்சைப் பாதியில் விட்டுப்போன லேப்டாப்பில் ரஹ்மத்தின் முகம் தெரிந்தது.

"அங்கன என்ன சத்தம், மாப்ள?"

பதில் சொல்ல நெருங்கினான். ரஹ்மத்தின் குரல் அறுந்தது. திரையில் முகம் உறைந்தது. பின்வாங்கினான்.

"கேக்குதா மாப்ள? தங்கச்சி எங்க?"

நெருங்கினான். அறுந்தது.

விலகினான். வந்தது.

வீட்டில் அதற்கு ஓர் இடம்கூட அவன் மிச்சம் வைக்கவில்லை. தன்னைத் தவிர.

கால்கள் திரும்பின. அவன் திருப்பவில்லை. கை, தரையில் கிடந்த சுத்தியலை எடுத்தது. நடந்தான். நடையை நிறுத்த முடியவில்லை. படுக்கையறைக் கதவு. தட்டியது அவன் விரல்தான்.

"அத்தாவா?" ரிஸ்வானாவின் குரல்.

தொறக்காத தாயி. தொறக்காத. உள்ளுக்குள் உயிர்போகக் கத்தினான். வாய் கொஞ்சியது: "ஆமா தாயி. எல்லாம் சரியாப்போச்சு. தொற."

"அம்மா, அத்தா வந்துட்டாக!"

"அல்லாவே," என்று நசீமா நிம்மதியாக மூச்சுவிடுவது கேட்டது. "தொற, தாயி."

சுத்தியல் அவன் தலைக்கு மேல் உயர்ந்தது. தாழ்ப்பாள் விலகியது.