ஓடுபாதையில் மூன்று தேசிக்காய்

திங்கள் பின்னேரம், முதியோர் பராமரிப்பு வேலை முடிந்து, கிளோறியா தன் கூட்டாளி சுசீலாதேவியின் குசினியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். சங்கத்துப் பொடியன் துஷாந்தன் மணியடிக்காமலே உள்ளே வந்தான். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. கதவுக்கும் யன்னலுக்கும் இடையே நடந்தபடியே கதைத்தான்.

“அக்கா, இரவைக்குச் சங்கத்தாக்கள் என்ரை பேரைக் கொமூனுக்கு எழுதப் போயினம். தண்டம் விழுந்தால் குடியுரிமை எத்தினை வருஷம் பின்னுக்குப் போகுமோ!”

கொமூன், அதாவது நகரசபை, டேனிஷ் ஊரான கிரின்ஸ்டெட்டுக்கு வெளியே மூடிக் கிடந்த விமான ஓடுபாதையைச் சனங்கள் ஓடவும் சைக்கிள் விடவும் திறந்துவிட்டிருந்தது. கார் மட்டும் உள்ளே வரக்கூடாது. வரும் சனிக்கிழமை தமிழர் விளையாட்டுப் போட்டியும் அங்கேதான். தமிழ்ச் சங்கம் பயிற்சிக்கு அனுமதி வாங்கியிருந்த ஞாயிறு காலையில், பாதை முடிவில் நிற்கும் வரைபடப் பலகையின் கண்ணாடி உடைந்துபோனது. கிட்டவே நசுங்கிய தேசிக்காய்கள். புதுக்காருக்குச் சில்லுக்கடியில் வைத்து ஓட்டியவைதான், அந்தக் கார்தான் பலகையை இடித்தது என்று முழுச் சங்கமும் ஒரே மூச்சில் தீர்ப்பெழுதிவிட்டது. வெள்ளிக்கிழமை புதுக்கார் எடுத்தவன் துஷாந்தன்.

“நான் தேசிக்காய் வைச்சது கோயில் வாசல்லை, அக்கா.”

கிளோறியாவுக்குக் கால் தரிக்கவில்லை. “எழும்புங்கோ அக்கா, போய்ப் பாப்பம்!”

மூவரும் ஓடுபாதைக்குப் போனபோது நல்ல வெளிச்சம் இருந்தது. சுசீலாதேவி ஆறுதலாகப் பலகையைச் சுற்றி வந்தாள். அதன் மரக்கால்கள் இரண்டும் அசையாமல் நின்றன. கண்ணாடி விரிசல் விட்டிருந்தது ஆளின் முக உயரத்தில். பாதை நடுவே ஓடும் வெள்ளைக் கோட்டில் ஒரு தேசிக்காய், பத்தடி தள்ளி அதே கோட்டில் இன்னொன்று, இரண்டும் மிதிபட்டிருந்தன. மூன்றாவது, பலகையடிப் புல்லுக்குள் முழுசாகக் கிடந்தது.

“நாலாவதை ஆரோ எடுத்திட்டினம்!” என்று கிளோறியா புல்லைக் கிளறத் தொடங்கினாள்.

“நாலாவது இல்லை. வாங்கோ, நிக்கலஸ் அண்ணை வீட்டை போவம்,” என்றாள் சுசீலாதேவி.

சங்கத் தலைவர் நிக்கலஸ் கடிதத்தைக் கணினியில் திறந்து வைத்திருந்தார். அலுமாரியில் தேசிக்காய் ஓட்டத்துக்கு அவர் எடுத்த இரண்டாம் பரிசுக் கிண்ணங்கள் மூன்று. முன்னால் வைத்த தேநீரை அவர் தொடவேயில்லை. கீழுதடு வீங்கியிருந்தது.

“படியிலை தடக்கி விழுந்தனான்,” என்றார் கேட்காமலே.

சுசீலாதேவி புல்லில் எடுத்த தேசிக்காயை மேசையில் வைத்தாள்.

“கார் இடிச்சிருந்தால் பலகையின்ரை கால் முறிஞ்சிருக்கும், அண்ணை. உடைஞ்சது முகத்து உயரத்திலை. சில்லுக்கு வைச்ச தேசிக்காய் பக்கம் பக்கமாய் நசியும். இது ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டு. கோடு பிடிச்சு ஓடிக்கொண்டு தேசிக்காய் விழுத்திறது ஆர்?”

“கரண்டியை வாயிலை கவ்விக்கொண்டு ஓடுற ஆள்!” கிளோறியா துள்ளி எழுந்துவிட்டாள்.

“ஓம். கண் முழுக்கத் தேசிக்காயிலை. முன்னாலை பலகை நிக்கிறது தெரியாது. மோதினால் கரண்டி கிழிக்கிறது உதட்டை.”

நிக்கலஸ் கையால் வாயைப் பொத்தினார். அவமானத்தில் முகம் கறுத்துவிட்டது.

“எப்பவும் முதலாவதாய் வாற இராசரத்தினத்தை ஒருக்காலாவது வெல்லவேணுமெண்டு... அறுபத்திரண்டு வயசிலை இதை எப்பிடிச் சொல்லுறது? துஷாந்தன்ரை பேரை நான் சொல்லேல்லை. சனம்தான் சொல்லிச்சுது. நான் வாயே திறக்கேல்லை.”

“கரண்டி இருக்கேக்கை திறக்க ஏலாதுதான், அண்ணை. பிறகுமோ?”

கிளோறியாவுக்கு முதலில் வந்தது சிரிப்பு, பின்னால் வந்தது கோபம். நிக்கலஸ் கணினிப் பக்கம் திரும்பி துஷாந்தனின் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். அந்த இடத்தில் தன் பெயரைப் போட்டார். அதற்குப் பிறகு விரல் நகரவில்லை. வாயில் கரண்டியுடன் ஓடியதை நகரசபைக்கு எந்த டேனிஷில் விளக்குவது?

வந்ததிலிருந்து நின்றுகொண்டேயிருந்த துஷாந்தன் கதிரையை இழுத்து அவர் பக்கத்தில் இருந்தான்.

“சொல்லுங்கோ அண்ணை,” என்றான். “நான் எழுதுறன்.”