வா என்று சொல்லாத வீடு

அந்த வீட்டில் யாரும் யாரையும் "வா" என்று சொல்வதில்லை.

கல்யாணமாகி முதல் நாள் வாசலில் வந்து நின்றபோதே அவள் அதைக் கவனித்துவிட்டாள். மாமியார் கதவைத் திறந்தாள், மேலும் கீழும் பார்த்தாள், ஒதுங்கி வழிவிட்டாள். அவ்வளவுதான். வந்தவளை வா என்று ஒரு வார்த்தை சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும் என்று அன்றைக்கு அவளுக்கு வயிறு எரிந்தது. போகப் போகத்தான் தெரிந்தது, அது அவளுக்கென்று தனியாகச் செய்த மரியாதை இல்லை. உறவுக்காரர், அக்கம்பக்கம், கணவனின் நண்பர்கள் என்று யார் வந்தாலும் அதே மௌனம்தான். ரொம்ப வேண்டியவர்களாக இருந்தால், நடந்து உள்ளே வந்த பிறகு "உக்காருங்க" என்பார்கள். சாப்பிடக் கூப்பிடுவதென்றால் "தட்டு வச்சாச்சு."

கிளம்பும்போது இன்னும் மோசம். உலகத்தில் எல்லோரும் "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் படி இறங்குவார்கள். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவனோ காலையில் டூல்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு "போறேன்" என்பான். "போ" என்பாள் பெற்ற தாய். பத்து மாடிக் குழிக்குள் இறங்கி வேலை பார்க்கிறவனை வழியனுப்புகிற அழகு அது. ஒரு நாள் கடைக்குக் கிளம்பும்போது அவள் பழக்கதோஷத்தில் "வரேன் அத்தை" என்றுவிட்டாள். மாமியாருக்கு முகம் வெளுத்துவிட்டது. இவள் திரும்பி வரும்வரை அத்தை படியிலேயே நின்றிருந்தாள். வந்த பிறகு சொன்னது ஒன்றே ஒன்று.

"இனிமே அந்த வார்த்தை இந்த வாசல்ல வேண்டாம்."

அவளுக்கும் ரோஷம் உண்டு. தன் பெண்ணாவது நாலு பேர் மெச்ச வளரட்டும் என்று, ஐந்து வயது சிட்டுவுக்கு மாமியார் காதில் விழாமல் மரியாதை சொல்லிக்கொடுத்தாள். "வீட்டுக்கு வந்தவங்கள வாங்கன்னு சொல்லணும். எங்க கிளம்பினாலும் போறேன்னு சொல்லக் கூடாது, போயிட்டு வரேன்னு சொல்லணும். பாட்டி அப்படித்தான், அவங்கள விடு." சொன்னதைச் சொன்னபடி கேட்கிற குழந்தை அது. கவுனுக்கு அளவு எடுக்கும்போது அசையாமல் நில் என்றால், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கண்ணைக்கூட இமைக்காமல் நிற்கும். காலையில் வேனில் ஏறுமுன் தெரு முனையில் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ரகசியமாகச் சொல்லும்: போயிட்டு வரேன்.

அவள் வீட்டிலிருந்தே தைத்துக்கொடுப்பவள். வாசல் அறையில், கம்பி ஜன்னலை ஒட்டி மிஷின். அது அவள் கொண்டுவந்தது இல்லை. கல்யாணமான புதிதில் மாமியார்தான் மூலையில் பழைய சேலை போர்த்திக் கிடந்ததைக் காட்டி, "சும்மாதான கிடக்கு, எடுத்துக்க" என்றாள். இரும்பு மிதியின் இடது ஓரம் மட்டும் தேய்ந்து பளபளவென்று இருந்தது. பல வருஷம் ஒரே கால் பட்ட தேய்மானம். யாருடையது என்று கேட்டதற்கு, "இருந்தவங்களோடது" என்று பதில் வந்தது. கணவனைக் கேட்டால் அவன் மாமியாருக்கு மேல் கல்லுளிமங்கன்.

தினமும் சாயங்காலம் நாலரைக்கு மாமியார் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, அதில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டி உட்கார்ந்துவிடுவாள். கேட்டால் முதுகுக்கு இதமாக இருக்கிறது என்பாள். நாலே முக்காலுக்குக் கேட்டின் கொக்கி ஒரு முறை "ணங்" என்று விழும். காற்று என்பாள். ஏழு வருஷமாக ஒரே நிமிடத்துக்கு அடிக்கிற காற்று எந்த ஊரில் உண்டு என்று அவளும் யோசிக்காமல் இல்லை. வேறு வீடு பார்க்கலாம் என்று கணவனிடம் இரண்டு தடவை சொல்லியும் பார்த்தாள். "அம்மா இந்த வாசல விட்டு வர மாட்டாங்க. அவங்கள விட்டுட்டு நான் எங்க போறது" என்று அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அதன் பிறகு நாலே முக்கால் ஆனால் மிஷினை வேகமாக மிதிக்கப் பழகிக்கொண்டாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாமியாருக்குக் காய்ச்சல். பின்னறையில் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தவள், மாத்திரையை விழுங்குமுன் இவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "நாலரை ஆனா எழுப்பு. மறந்துடாத" என்றாள். கை அடுப்பாகக் கொதித்தது. நாலரைக்கு அவள் எட்டிப் பார்த்தபோது கிழவி வாய் திறந்து அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பாவம், தூங்கட்டும் என்று கதவை ஒருக்களித்துவிட்டு வந்துவிட்டாள்.

வெளியே மழை பிடித்திருந்தது. விளக்குப் போட வேண்டிய அளவுக்கு இருட்டவில்லை, போடாமல் தைக்கிற அளவுக்கு வெளிச்சமும் இல்லை. பள்ளிக்கூடச் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். தரையில் சிட்டு காலி நூல்கண்டுகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். ஓட்டு விளிம்பிலிருந்து வாளியில் சொட்டும் தண்ணீர், சுவர்க் கடிகாரத்தின் நொண்டி நடை, மிஷின் எண்ணெய் வாசனை, பின்னறையிலிருந்து மாமியாரின் கரகர மூச்சு, எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கேட்டுக்கொண்டிருந்த வேளையில் கேட்டின் கொக்கி விழுந்தது.

அவள் மிதியை அழுத்தினாள். நூல் அறுந்தது.

அப்போதுதான் மற்றதும் காதில் விழுந்தது. ஈர மணலில் நடந்து வருகிற கால். அவசரமில்லாத நடை. படி ஒன்று. படி இரண்டு. பிறகு செருப்பைக் கழற்றும் சத்தம். ஒரு செருப்பு. இன்னொரு செருப்பு. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ நின்று மூச்சு வாங்கிக்கொள்கிற அமைதி.

தாழ்ப்பாள் போடவில்லை என்பது அவளுக்கு நினைவு வந்தது. மிஷினை விட்டு எழுந்தாள்.

அதற்குள் சிட்டு எழுந்து போய்விட்டாள். கதவருகே நின்று, பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் பேசுகிற குரலில், "வாங்க" என்றாள்.

கதவு ஒரு சாண் திறந்தது. யாரும் இல்லை. மழையும் தெருவும்தான் தெரிந்தன. ஆனால், நாட்கணக்கில் காயாமல் சுருட்டி வைத்த ஈரத்துணியின் வாடை, அதன் அடியில் சேற்று வாடை, சிட்டுவையும் அவளையும் தாண்டி உள்ளே போனது.

"யார்கிட்ட பேசுற?"

"பெரியம்மா வந்திருக்காங்க."

"எந்தப் பெரியம்மா?" கணவனின் அண்ணன் எங்கோ தூர தேசத்தில் இருப்பதாகக் கேள்வி. அவனுக்கு மனைவி உண்டென்று யாரும் சொன்னதில்லை.

"ஜன்னல் கிட்ட நிப்பாங்களே, அந்தப் பெரியம்மா. தினமும் நின்னுட்டே இருக்காங்க, பாவம். யாருமே வான்னு சொல்ல மாட்டேங்கறாங்கன்னு சொன்னாங்க. நீதானம்மா வந்தவங்கள வாங்கன்னு சொல்லணும்னு சொன்ன?"

அவளுக்குப் பின்னால் மிஷின் மிதி ஒரு முறை கீழே போய் மேலே வந்தது.

குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு பின்னறைக்கு ஓடினாள். மாமியார் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். நடந்ததை அவளிடம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. மூக்கை விடைத்து அந்த வாடையை மோந்துகொண்டிருந்தாள்.

"எழுப்பச் சொன்னேனே."

"யாரு அத்தை அது?"

"மூத்தவ. எம் பெரிய மருமக." மாமியார் சுவரைப் பார்த்துப் பேசினாள். "கொழந்தை இல்ல. அதுக்கு நான் பேசின பேச்சு கொஞ்ச நஞ்சமில்ல. அவ பாட்டுக்கு அந்த மிஷின்ல சின்னச் சின்னதா கவுன் தச்சுப் பெட்டியில அடுக்குவா. ஒரு நாள் பெட்டியத் தூக்கிட்டு, நான் போறேன்னா. போனா வர மாட்டான்னு தெரியும். ஊர் என்ன சொல்லும்? கதவப் பூட்டிட்டேன். போறேன்னு சொல்றவள அனுப்ப மாட்டேன், போயிட்டு வரேன்னு சொல்லு, திறக்கறேன்னு சொன்னேன். மூணு நாள். தண்ணி மட்டும்தான். மூணாவது நாள் சொல்லிட்டா."

"அப்புறம்?"

"அவ ஏறின பஸ் ஏரிக்குள்ள போயிடுச்சு. நாலே முக்காலுக்குச் சேதி வந்துச்சு. மறுநாள் நாலே முக்காலுக்கு அவ வந்தா." மாமியார் சிரிப்பது போல உதட்டை இழுத்தாள். அது சிரிப்பு இல்லை. "சொன்ன சொல் தவறாத பொண்ணு."

வாசல் அறையில் இழுப்பறை ஒன்று திறந்து மூடியது. சாவகாசமாக, எதையோ தேடுகிற மாதிரி.

"கொழந்தையத் தூக்கிட்டு உங்க அக்கா வீட்டுக்குப் போயிடு" என்றாள் மாமியார். "வாசல்ல நின்னு போறேன்னு சொல்லிட்டுப் போ. வேற ஒண்ணும் சொல்லிடாத. இந்த வாசல்ல சொன்னது நடக்காம போகாது."

"நீங்களும் கிளம்புங்க அத்தை."

"நான் எங்க போக? அவ என்னைப் பாக்கத்தான வந்துட்டு இருந்தா."

கணவனுக்குப் போன் போட்டாள். லிஃப்ட் குழிக்குள் சிக்னல் கிடையாது. இரண்டாவது முறையும் போடப் பொறுமை இல்லை. மாற்றுத் துணி எடுக்கவில்லை. சுவரோடு ஒட்டி, மிஷின் இருந்த பக்கம் பார்க்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை போனாள். பிறந்ததிலிருந்து சொல்லக் கூடாது என்று பழகிய வார்த்தை நாக்கில் புரள மறுத்தது. பல்லைக் கடித்துச் சொன்னாள்.

"போறேன்."

படி இறங்கினாள். தோளில் சாய்ந்திருந்த சிட்டு, வீட்டைப் பார்த்தபடி கையை ஆட்டுவது முதுகில் தெரிந்தது. வாயைப் பொத்தக் கை உயர்வதற்குள் குழந்தை சொல்லிவிட்டது.

"போயிட்டு வரேன், பெரியம்மா."

"வா" என்றது உள்ளிருந்து ஒரு குரல். மாமியாரின் குரல் இல்லை.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தெரு முனை வரை ஓடினாள். ஆட்டோவில் ஏறி, குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"சிட்டு, போறேன்னு சொல்லு. ஒரே ஒரு தடவை."

"அப்படிச் சொல்லக் கூடாதும்மா. நீதான சொன்ன?"

பெரிய சாலையில் திரும்பும்போது, மழைக்குள்ளிருந்து லாரி ஒன்று ஹாரன் இல்லாமல் வந்தது. ஆட்டோ ஒரு சக்கரத்தில் எழும்பி, சாலை ஓரத்துக் கல்லில் இடித்து நின்றது. குழந்தை உட்கார்ந்திருந்த பக்கத்துத் தகரம் மடங்கியிருந்தது.

"நூலிழைல தப்பிச்சோம்மா" என்றார் டிரைவர். இறங்கி மடங்கிய தகரத்தைத் தட்டிப் பார்த்தார். "ஏரிக்கரை ரோடுல போயிடலாமா? அங்க கூட்டம் இருக்காது."

ஏரிக்கரை.

அவளுக்கு விளங்கிவிட்டது. குழந்தை வரேன் என்று சொல்லிவிட்டது. வந்துதான் ஆக வேண்டும். உயிரோடு வருவதா, மூத்தவள் வந்த மாதிரி வருவதா, அது ஒன்றுதான் பாக்கி. வாசலுக்குள் ஒரு கால் வைக்கட்டும், சொன்ன சொல் தீரட்டும், அடுத்த நொடி வாயைப் பொத்தித் தூக்கிக்கொண்டு ஓடிவந்துவிடலாம். இதைத் தவிர அவளுக்கு வேறு வழி தோன்றவில்லை.

"வண்டியத் திருப்புங்க."

"எங்கம்மா?"

"வீட்டுக்கு."

கேட் திறந்திருந்தது. வாசல் கதவும் அதே ஒரு சாண். படியில் ஒரு ஜோடிச் செருப்பு, சேறு அப்பி, வார் அறுந்து, ஆனால் ஒழுங்காகச் சேர்த்து வைக்கப்பட்டிருந்தது. அவள் குழந்தையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு படி ஏறினாள். ஒரு கால். ஒரே ஒரு கால் உள்ளே வைத்தால் போதும்.

சிட்டு கால் வைத்தாள்.

கதவு மூடியது. இடுக்கில் விரல் நசுங்கிய வலியில் அவள் பிடியை விட்டாள். விட்டது ஒரு நொடி. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

தட்டினாள். உதைத்தாள். அத்தை, அத்தை என்று கத்தினாள். மாமியாரின் மூச்சுச் சத்தம்கூட இல்லை. சாவித் துவாரத்தில் வாயை வைத்து, "நான் வந்துட்டேன், திற, நான் வந்துட்டேன்" என்று கெஞ்சினாள்.

துவாரத்துக்கு மறுபக்கம், மிக அருகில், ஈரமான குரல். கோபமே இல்லை.

"நீ போறேன்னுதான சொன்ன?"

பிறகு, வழியனுப்புகிற மாதிரி:

"போ."

அவள் ஜன்னலுக்கு ஓடினாள். கம்பியில் முகத்தை அழுத்தினாள். இருட்டு பழக நேரமானது.

மிஷின் மேல் புதுத் துணி விரித்திருந்தது. அறை நடுவில் சிட்டு நின்றாள். இரண்டு கையையும் விரித்து. அளவு நாடா அவள் மார்பைச் சுற்றி வந்தது. இடுப்பைச் சுற்றி வந்தது. நாடாவின் மறுமுனை ஆள் இல்லாத இடத்தில் விறைப்பாக நின்றது. அதற்கு நேர் கீழே, தரையில், தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"சிட்டு" என்றாள். "சிட்டும்மா, அம்மாகிட்ட ஓடி வந்துடு."

குழந்தை கண்ணை மட்டும் திருப்பி ஜன்னலைப் பார்த்தது. அளவு எடுக்கும்போது அசையக் கூடாது என்று அம்மா சொல்லிக்கொடுத்திருந்தாள்.

அது அசையவில்லை.