நூற்றுக்கு எண்பத்தேழு

காலை ஆறு மணி விண்கலத்தில் நாற்பது பேர் இறங்கினார்கள். வழக்கம்போல மூவரை, இன்னும் செய்யாத குற்றத்துக்காக, தனியே நிறுத்தினார்கள். மற்றவர்கள் பெட்டிகளைத் தேடிப் போனார்கள்.

மூவரில் ஒருவன் இளவழுதி. சிறுகோள் சுரங்கத்தில் துளைக்கருவி மெக்கானிக். அங்கே பிளாட்டினம்தான் சரக்கு, தங்கம் கழிவு. அதில் ஒரு குண்டுமணி பூமிக்கு வந்தாலும் கடத்தல். இளவழுதி பையில் அதுகூட இல்லை. ஆனால் பையைத் திறந்து பார்க்கும் பழக்கம் போய் இருபது வருடம் ஆகிறது. வாயிலில் இருந்த முன்கணிப்பான் இயந்திரம், இவன் கடத்துவான் என்று நூற்றுக்கு எண்பத்தேழு போட்டது. ஓராண்டு தடுப்புக்காவல். விசாரணை கிடையாது.

தங்கை பூவிழிக்கு ஆவணியில் கல்யாணம். அம்மா, அப்பா இல்லை. மாப்பிள்ளை வீட்டார் நகை கேட்கவில்லை; அண்ணன் வந்து நின்றால் போதும் என்றிருந்தார்கள்.

நிற்க முடியவில்லை. தடுப்புக்காவலை ஆராயும் அறிவுரைக் கழகம் அவன் முறையீட்டை நிராகரித்தது. முதல் ஆட்கொணர்வு மனு ஏழு முறை தள்ளிப்போய்க் கடைசியில் தள்ளுபடியானது. ஆவணி போய்விட்டது.

வழக்கறிஞர் ரெஜினா இரண்டாவது மனு போட்டார்.

"காவலில் வைத்த காரணத்தை அவருக்குத் தெரிந்த மொழியில் தரணும், மை லார்ட். தந்தது இது." பதினோராயிரம் பக்கம். எல்லாம் எண்கள்.

"இயந்திரத்துக்கு அதுதான் மொழி" என்றார் அரசு வழக்கறிஞர்.

"என் கட்சிக்காரர் இயந்திரம் இல்லையே."

தமிழில் தரச் சொன்னார் நீதிபதி. மூன்று மாதம் கழித்து ஒரு தாள் வந்தது. ஒரே வரி: தங்கைக்குத் திருமணம் நிச்சயமாகியுள்ளது.

நீதிபதி சிரித்துவிட்டார். "இதுக்கு ஊரையே இல்ல பிடிக்கணும்!"

மொழிபெயர்ப்பு தாமதம் என்பதால் ஆணை ரத்து. காரணம் சரியா, தப்பா என்பதற்குள் நீதிமன்றம் போகவில்லை.

பத்தாம் மாதம் வெளியே வந்தவன் பூவிழியோடு நேரே மாப்பிள்ளை வீட்டுக்குப் போனான்.

"வர்ற ஆவணியில வச்சுக்கலாமா அத்தை?"

"வச்சுக்கலாம் தம்பி" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. "நூறு பவுன் போட்டுருங்க."

"நகை வேண்டாம்னு சொன்னீங்களே."

"அப்போ உங்ககிட்ட இல்லைன்னு நெனச்சோம். இப்போ கவர்மெண்டே சொல்லுதே."

"கோர்ட்டு விட்டுருச்சு அத்தை."

"தாள் லேட்டுன்னுதானே விட்டாங்க? நீங்க அப்படிப்பட்ட ஆள் இல்லைன்னா சொன்னாங்க?"

மாப்பிள்ளை செல்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தெருவில் பூவிழி சொன்னாள்: "எனக்கு இந்தக் கல்யாணமே வேண்டாம் அண்ணே. நீ மேல போகாதே."

"சரி" என்றான். மறுநாள் சுரங்க வேலைக்கு எழுதிப் போட்டான்.

ரத்தான ஆணையின் காரணத்தை அதே ஆள்மேல் மறுபடி காட்டக் கூடாது என்பது சட்டம். அதனால் பூவிழியின் கல்யாணத்தை முன்கணிப்பானின் நினைவிலிருந்து அழித்திருந்தார்கள்.

ஆடி முடியுமுன், காலை ஆறு மணிக் கலத்தில் இளவழுதி இறங்கினான். காலணிகளின் அடியைக் குடைந்து நிரப்பியிருந்தான். மேலே எடையே இல்லாமல் இருந்தது இங்கே இழுத்தது. முன்கணிப்பான் நூற்றுக்கு மூன்று போட்டுப் பச்சை விளக்கைக் காட்டியது.

பின்னால் வழக்கம்போல மூவரை நிறுத்தியிருந்தார்கள்.

"பையைத் திறந்துதான் பாருங்களேன் சார், ஒண்ணுமே இல்ல" என்று ஒருவன் கத்திக்கொண்டிருந்தான்.

இளவழுதி திரும்பவில்லை. காலை எடுத்து வைப்பதே பெரும்பாடாக இருந்தது.