பேன் மருந்து

சுபலட்சுமி தலையைச் சொறிவதை நிறுத்தியிருந்தாள்.

அடுப்படியில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த தமிழ்வாணிக்கு அது மெதுவாகத்தான் உறைத்தது. ஒரு மாதமாக அந்த வீட்டில் ஓயாத சத்தம் அது. சாப்பிடும்போதும், வீட்டுப்பாடம் எழுதும்போதும், தூக்கத்திலும்கூடப் பிள்ளையின் நகம் பரக் பரக்கென்று தலையில் ஓடிக்கொண்டே இருக்கும். பள்ளிக்கூடத்தில் அவளைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்துவிட்டார்கள். "மொட்டை மட்டும் போட்டுறாதம்மா" என்று அவள் அழுத அழுகை தாங்காமல்தான், மேலூரிலிருந்து வந்திருந்த அண்ணன் தங்கப்பாண்டியிடம் தமிழ்வாணி வாய்விட்டுக் கேட்டாள். நெல்லுக்கு அடித்தது போக மிச்சமிருந்த மருந்தை அவன் கொண்டுவந்து கொடுத்தான்.

"எண்ணெயில கலந்து தேச்சுவிடு தாயி. அம்புட்டும் செத்து விழுந்துரும்" என்றான்.

காலையில் வெறுங்கையாலேயே தேய்த்துவிட்டாள். சொறிந்து சொறிந்து புண்ணாகிக் கிடந்த இடங்களிலெல்லாம் விரலை அழுத்தி, வேர்க்கால் வரை. எரியுதும்மா என்றாள் பிள்ளை. பொறுத்துக்கடி, மருந்துன்னா எரியத்தான் செய்யும் என்றாள் இவள். அதற்குப் பிறகு எத்தனை தடவை சோப்புப் போட்டும் விரலை விட்டு வாடை போகவில்லை. இப்போது விரலில் வருவது பூண்டு வாடையா, அந்த வாடையா என்றே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கூடத்துக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியான வெயில் ஜன்னல் வழியே பாய்வரை நீண்டு கிடந்தது. திண்டுக்கல் ரோட்டில் போகும் பஸ்களின் ஹாரன், டிவியில் பொம்மைகள் துரத்திக்கொண்டு சிரிக்கும் சத்தம், மேலே கடகடத்துச் சுற்றும் ஃபேன். சுபலட்சுமி ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தலையணையைச் சுற்றி எள்ளைக் கொட்டினாற்போலப் பேன்கள் செத்துக் கிடந்தன. அதைப் பார்த்ததும் தமிழ்வாணிக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

அப்புறம்தான் தலையணை நனைந்திருப்பதைப் பார்த்தாள். எச்சில். கடைவாயிலிருந்து நூலாக இறங்கிக்கொண்டே இருந்தது. கவுன் முதுகோடு ஒட்டியிருந்தது, ஃபேனுக்கு நேர் கீழே படுத்தும் அப்படியொரு வியர்வை.

"பாப்பா?"

"ஏம்மா லைட்ட அமத்துன?"

வெயில் பிள்ளையின் முகத்தில்தான் விழுந்துகொண்டிருந்தது.

முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். கண் திறந்துதான் இருந்தது. நடுவில் இருக்க வேண்டிய கறுப்பு மட்டும் ஊசியால் குத்திய துளை மாதிரி சுருங்கிப் போயிருந்தது.

தூக்கிக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள். வாளி வாளியாக ஊற்றினாள். தண்ணீர் பால்போல வெளுத்து அவள் கை வழியாக, மடி வழியாக, சேலை முழுக்க ஊறி இறங்கியது. எண்ணெய் மட்டும் போகவில்லை. சோப்பை எடுக்கக் கை நீட்டினாள்; சோப்பு இரண்டாகத் தெரிந்தது. குழாயும் இரண்டு. பிள்ளைக்கும் இரண்டு முகம்.

அவள் கெண்டைக்காலில் ஏதோ நெளிந்தது. தட்டிவிடப் பார்த்தாள். மேலே ஒன்றும் இல்லை. தோலுக்கு அடியில் சதைதான் தானாகத் துடித்துக்கொண்டிருந்தது.

எப்படிப் பிள்ளையைக் கூடத்துக்கு இழுத்து வந்தாள் என்று தெரியவில்லை. போனில் எழுத்தெல்லாம் கலங்கிக் கிடந்தது. கடைசியாகப் பேசிய நம்பரை ஒரு குத்துமதிப்பாக அழுத்தினாள். கப்பலூரில் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்த புருஷன் முகேஷ் எடுத்தான்.

"ஏங்க... புள்ளைக்கு... தலையில மருந்து..."

"எந்த மருந்து? சத்தமாச் சொல்லு தமிழு."

வாய் நிறைய எச்சில். விழுங்கினாள். திரும்பவும் நிறைந்தது. சொல்ல வந்தது கொழகொழவென்று தொண்டைக்குள்ளேயே உடைந்தது.

"தமிழு? ஏய், தமிழு! கீழ் வீட்டுக்குப் போன் போடுறேன். இந்தா வாரேன்!"

போன் கையிலிருந்து நழுவியது. எழப் பார்த்தாள். கால் கேட்கவில்லை. சுவரோடு சரிந்து, சாய்ந்தவாக்கில் அப்படியே உட்கார்ந்துபோனாள். எட்டினால் தொடலாம், அவ்வளவு பக்கத்தில் பிள்ளையின் தலை. கை நகரவில்லை.

பிள்ளையின் நெஞ்சுக்குள் உலை கொதிக்கும் சத்தம். கொதித்தது. நின்றது. மறுபடி கொதித்தது.

மாடிப்படியில் செருப்புச் சத்தம். கதவு திறந்தது. கீழ் வீட்டு சுஷ்மா, இடுப்பில் கைக்குழந்தையோடு.

"அக்கா! ஐயோ, என்னக்கா ஆச்சு?"

குழந்தையைத் தரையில் இறக்கிவிட்டு, சுபலட்சுமியின் கன்னத்தைத் தட்டினாள். கண் பாதி திறந்திருந்தது, பதில் இல்லை. அலறிக்கொண்டே பால்கனிக்கு ஓடி, தெருவைப் பார்த்துக் கத்தினாள். "ஆட்டோ! யாராச்சும் ஆட்டோவக் கூப்பிடுங்க!"

குழந்தை தவழ்ந்து வந்தது. சுபலட்சுமியின் தலைமாட்டில் உட்கார்ந்தது. ஈர முடி பளபளத்தது அதற்குப் பிடித்துப் போயிற்று. இரண்டு கையாலும் சளப் சளப்பென்று தட்டியது. உள்ளங்கை எண்ணெயில் மின்னியது.

தொடாத. தொடாத சாமி.

நாக்கு புரளவில்லை. உதடு துடித்தது. அவ்வளவுதான்.

பால்கனியில் சுஷ்மா இன்னும் கத்திக்கொண்டிருந்தாள். குழந்தை தமிழ்வாணியை நிமிர்ந்து பார்த்து, முளைத்த இரண்டு பல்லும் தெரியச் சிரித்துவிட்டு, முஷ்டி முழுவதையும் வாய்க்குள் திணித்துச் சப்ப ஆரம்பித்தது.