ஆறாவது கம்பி

ஜன்னலில் ஐந்து கம்பிகள்தான் இருந்தன. அய்யாக்குட்டி அவற்றைக் கண்ணால் ஒருமுறையும் விரலால் தொட்டு ஒருமுறையும் எண்ணிவிட்டு வந்து, மறுபடியும் மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். உள்ளே ஆறு இருந்தன.

கம்பி தெரிவதில் அதிசயமில்லை. ஜன்னலுக்கு எதிரே மேஜையைப் போட்டு, அடியிலுள்ள சின்னக் கண்ணாடியால் பகல் வெளிச்சத்தை மேலே திருப்பிப் பார்க்கிற எவருக்கும் இது நேரும். வெளிச்சத்தைக் குவிக்கிற கண்டென்சர் ஒரு மயிரிழை கூடுதலாக உயர்ந்துவிட்டால் போதும், ஜன்னலின் உருவமும் ஸ்லைடின் மேலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். உப்பளத் தண்ணீரில் நீந்துகிற பூச்சியைப் பார்க்கப் போனால் அது ஜெயிலுக்குள் நீந்துவது போலிருக்கும். கண்டென்சரைக் கொஞ்சம் இறக்கினால் கம்பிகள் கரைந்துவிடும்.

ஆனால் இருக்கிற கம்பிகள்தானே தெரிய வேண்டும்?

தப்பு புது லென்ஸில் இருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார். துறைமுகத்தில் வேலை பார்க்கிற புன்னைக்காயல் ரோச், ஏதோ கப்பலிலிருந்து வந்ததென்று ஒரு பெட்டியில் மூன்று லென்ஸ்களைக் கொண்டுவந்து நீட்டியபோது, எல்லாரும் எடுக்கிற நூறு மடங்கு லென்ஸை அய்யாக்குட்டி எடுக்கவில்லை. நாலு மடங்கை எடுத்தார். பத்து வருஷம் கண்ணைக் கெடுத்துக்கொண்ட பிறகு அவர் கற்ற ஒரே ஞானம், பெரிதாக்கப் பெரிதாக்க இருட்டும் மங்கலும்தான் பெரிதாகும் என்பது. மனைவி சீனித்தாய் அந்த ஞானத்தை ஒரே வரியில் முடித்து வைத்தாள்.

"ஊர்ல பெருசாப் பாக்கதுக்குத் துட்டுக் குடுப்பாவ. நீங்க சிறுசாப் பாக்கதுக்குக் குடுத்திருக்கிய."

அவர் மிளகாய் வத்தல், மல்லி மொத்த வியாபாரி. அடுத்த கடைக்காரரின் மிளகாய்ப் பொடியில் செங்கல் தூள் இருக்கிறதா என்று பார்க்கத்தான் மைக்ராஸ்கோப் வாங்கினார். அதில் ஒன்றும் இல்லை. சொந்தக் கடைப் பொடியில் பூச்சியின் கால்கள் இருந்தன. அன்றிலிருந்து சாப்பிடும்போது தட்டைப் பார்ப்பதில்லை. வியாபாரம் நடந்தது, பொழுதுபோக்கும் தங்கிவிட்டது. உப்புக்காற்று கண்ணாடியில் பூசணம் படரவிடும் என்பதால் லென்ஸ்களை வறுத்த அரிசி போட்ட ஜாடிக்குள் வைத்திருந்தார். துடைப்பதற்குத் தன் பழைய வேட்டியைத் தவிர வேறு துணி ஆகாது. அந்த வேட்டிக்குக் கிடைத்த மரியாதை, கட்டியிருந்த காலத்தில் அவருக்குக் கிடைத்ததில்லை.

ஆனால் அன்று அவர் குனிந்தது பொழுதுபோக்குக்கு அல்ல. இடது பக்கம், ஜன்னலை ஒட்டிப் பாயில் மகள் மாடத்தி கிடந்தாள். ஆறு வயது. அம்மை போட்டு மூன்றாம் நாள். கொப்புளத்தைவிடக் காய்ச்சல்தான் பயம். இன்று பொழுது சாய்வதைத் தாண்டிவிட்டால் பிழைத்துக்கொள்வாள் என்று வந்து பார்த்தவர்கள் சொல்லியிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் மூச்சை எண்ணி எண்ணி, இரண்டு மூச்சுக்கு நடுவே தனக்கு மூச்சு நின்றுபோவதைத் தாங்க முடியாமல்தான் அவர் எழுந்து மேஜைக்கு வந்தார். கைக்கு வேலை கொடுத்தால் நெஞ்சு கொஞ்சம் அடங்கும்.

மணி மூன்று இருக்கும். மேற்கேயிருந்து வீசும் கச்சான் காற்று தெருப்புழுதியை மச்சு வரை தூக்கி வந்து ஓட்டின் மேல் சரசரவென்று இறைத்துக்கொண்டிருந்தது; தூரத்தில் புதுத் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிப் போகும் லாரிகளின் உறுமல் காற்று திரும்பும்போதெல்லாம் வந்து வந்து போயிற்று; அதற்கெல்லாம் அடியில், நூல் மாதிரி, பிள்ளையின் மூச்சு.

படத்தில் வேண்டாதது தெரிந்தால், அது எங்கே ஒட்டியிருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு முறை உண்டு. ஒவ்வொன்றாகத் திருப்பவோ கழற்றவோ வேண்டும். எதோடு சேர்ந்து அது அசைகிறதோ, அங்கேதான் இருக்கிறது. அய்யாக்குட்டி கண் வைக்கிற ஐபீஸைத் திருப்பினார். ஆறாவது கம்பி அசையவில்லை. புது லென்ஸைக் கழற்றிப் பழைய பத்து மடங்கை மாட்டினார். அசையவில்லை, பெரிதாயிற்று. பாவம், ரோச்சை மனசுக்குள் திட்டியது வீண். ஸ்லைடை எடுத்தே விட்டார். அப்படியே நின்றது. கண்டென்சரைக் கழற்றி, துடைத்து, மாட்டினார். கண்ணாடியை ஊதி, வேட்டித் துணியால் துடைத்தார்.

அப்படியே நின்றது.

மைக்ராஸ்கோப்பில் இனித் துடைப்பதற்கு ஒன்றுமில்லை. மிச்சமிருந்தது வெளிச்சம் வருகிற வழி மட்டும்: ஜன்னலிலிருந்து மேஜை வரை எட்டடி வெற்றிடம்.

பத்து மடங்கில் அதன் ஓரம் நேராக இல்லை. ஒரு முனை குறுகி, பிறகு அகன்று, பிறகு மறுபடி குறுகியது. வெளியே நிற்கிற முருங்கை மரம் படத்தில் தலைகீழாகத் தொங்கியது. ஆகாயம் அடியில் கிடந்தது. அப்படியானால் கீழே தெரிகிற குறுகல்தான் மேல்.

தலை. தோள்.

அவர் எழுந்து போய் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். பன்னிரண்டடி கீழே சந்து. ஒரு வெள்ளாடு சுவரொட்டியைத் தின்றுகொண்டிருந்தது. நிற்பதற்குக் காக்காய்க்குக்கூட இடமில்லாத சுவர். தன் கண்ணுக்குத்தான் கண்ணாடி போட வேண்டும் என்று சொல்லி ஒரு சிரிப்புச் சிரித்துப் பார்த்தார். அந்தச் சத்தம் அந்த அறைக்குச் சரியாக இல்லை.

திரும்பி வந்து குனிந்தபோது அது இடம் மாறியிருந்தது. முன்பு மூன்றாவது கம்பிக்கும் நாலாவதுக்கும் நடுவே நின்றது, இப்போது நாலாவதை மறைத்து நின்றது. ஓரங்கள் மங்கியிருந்தன. பழக்கத்தில் கை தானாகக் கண்டென்சரை ஒரு மயிரிழை இறக்கியது. உருவம் தெளிந்தது. கம்பிகள் மங்கின.

அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். மூட்டையைத் தூக்கும்போதே எடை தெரிகிற மாதிரி, யோசிக்காமலே தெரியும். கிட்டே இருப்பது தெளியக் கண்டென்சர் இறங்க வேண்டும்.

அது கம்பிகளுக்கு இந்தப் பக்கம் இருந்தது.

சீனித்தாய் புது வேப்பிலைக் கொத்தோடு படியேறி வந்தாள். கோயிலுக்குப் போய் அம்மன் தீர்த்தம் வாங்கி வரப் புறப்பட்டவள், அறை வாசலிலேயே நின்று மூக்கைச் சுளித்தாள்.

"என்ன நாத்தம் அடிக்கி? அம்மை கெடக்க வீட்டுல எவ மீனு ஆக்குனா?"

மூன்று நாளாக இந்த வீட்டில் தாளிப்புகூட இல்லை. அது மீன் நாற்றமும் இல்லை. முத்துக்குளிப்பு நடந்த வருஷத்தில் கடற்கரையில் சிப்பிகளைக் குவித்து அழுக விடுவார்கள்; காற்று திரும்பினால் ஊரே மூக்கைப் பொத்திக்கொள்ளும். முத்துக்குளிப்பு நின்று பதினைந்து வருஷமாகப் போகிறது. அந்த நாற்றம்தான் இது. ஈரமாக, இனிப்பாக, தொண்டையில் போய் ஒட்டிக்கொள்கிற நாற்றம்.

அவளிடம் சொல்லலாமா என்று நினைத்தார். என்னவென்று சொல்வது? பத்து வருஷமாகத் தன்னை ஒரு வேடிக்கைக்காரனாகவே நடத்திக்கொண்டு வந்தவன், இன்றைக்கு வேடிக்கை இல்லை என்றால் யார் நம்புவார்கள்? தெருவில் செத்த எலி கிடக்கும் என்றார். அவள் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அந்தக் குழாய்க்குள்ளயே கண்ண வச்சிக்கிட்டு இருக்காதிய. பிள்ளைய விட்டு அங்கிட்டு இங்கிட்டு நவுராதிய. நான் இந்தா வந்திருவேன்."

படியில் அவள் காலடி இறங்கிப் போவதை முழுசாகக் கேட்ட பிறகுதான் அவர் குனிந்தார்.

நாற்பது மடங்கு லென்ஸை மாட்டியிருக்கக் கூடாது. அதில் உருவம் முழுதாகத் தெரியவில்லை. ஒரு விளிம்பு மட்டும் தெரிந்தது. துணி. ஊறி, உடம்போடு ஒட்டிய துணி. அதன் நுனியில் ஒரு துளி திரண்டு, கனத்து, பிரிந்து, மேல் நோக்கி விழுந்தது. தலைகீழ்ப் படம், அதனால் மேல் நோக்கி. இன்னொன்று. இன்னொன்று. நிமிர்ந்து தரையைப் பார்த்தார். சிமெண்டுத் தரை காய்ந்து கிடந்தது.

ஜன்னலைச் சாத்தினார். அறை இருண்டது. உடனே திறந்தார். இருட்டில் அது எங்கே என்று தெரியாமல் இருப்பதைவிடத் தெரிந்திருப்பது மேல். மேஜை விளக்கைப் போட்டுக் கண்ணாடியை அதன் பக்கம் திருப்பினார். படம் வெள்ளையாக, சுத்தமாக இருந்தது. ஒரு நிமிஷம் மூச்சு வந்தது. பிறகு புரிந்தது, வேறு பக்கம் பார்த்தால் வேறு பக்கம்தான் தெரியும்.

மறுபடி ஜன்னல். மறுபடி பத்து மடங்கு. கண்டென்சரை இன்னும் கொஞ்சம் இறக்க வேண்டியிருந்தது. அறை நடுவை நெருங்கியிருந்தது. அதோடு வலப்பக்கம் நகர்ந்திருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நகர்ந்தது. நடக்கவில்லை. தண்ணீருக்குள் போகிற மாதிரி.

வலப்பக்கம்.

மைக்ராஸ்கோப்பில் குனிகிறவனுக்கு முதல் பாடம் இதுதான். எல்லாம் மாறித்தான் தெரியும். ஸ்லைடை இடப்பக்கம் தள்ளினால் பூச்சி வலப்பக்கம் ஓடும். ஆரம்பத்தில் தலை சுற்றும். பத்து வருஷத்தில் கை தானாகத் திருப்பிப் போட்டுக்கொள்ளும். முருங்கையே தலைகீழாகத்தானே தொங்குகிறது? படத்தில் அது வலப்பக்கம் போகிறதென்றால், அறையில் இடப்பக்கம் போகிறது.

இடப்பக்கம் மாடத்தியின் பாய்.

அவர் நாற்காலியைத் தள்ளி ஓடினார். பிள்ளையைப் போர்வையோடு வாரித் தோளில் போட்டுக்கொண்டு படிக்கட்டுக்குப் போனார். இரண்டு படி இறங்கவில்லை, கீழே மூட்டைகள் அடுக்கிய கிட்டங்கியிலிருந்து வத்தல் நெடி எழுந்து முகத்தில் அடித்தது. பிள்ளை இருமினாள். இருமல் நிற்கவில்லை. முகம் கறுத்து, மூச்சு உள்ளே போகாமல் தொண்டையிலேயே திணறியது. முதல் நாள் இப்படித்தான் ஆயிற்று. அதனால்தான் மச்சுக்கே கொண்டுவந்தார்கள். முப்பது வருஷம் சோறு போட்ட வத்தல். அவர் மேலே திரும்பினார்.

வலது பக்கம், கதவை ஒட்டிய சுவரோரம் இடமிருந்தது. ஒரு கையால் பாயை இழுத்து அங்கே விரித்தார். சீனித்தாய் வைத்துவிட்டுப் போன வேப்பிலையை உருவி, பாய் நிறையப் பரப்பினார். ஒரு ஓரமாகப் பிள்ளையைக் கிடத்தினார். இருமல் அடங்கியது. கொதிக்கிற அந்தச் சின்னக் கையைத் தன் கன்னத்தில் ஒருமுறை வைத்து எடுத்துவிட்டு, அது எங்கே போயிற்று என்று பார்க்க மேஜைக்கு ஓடினார்.

அது நின்றிருந்தது. ஜன்னலுக்கும் தனக்கும் நடுவே, படத்தின் வலது ஓரத்தில். போய்க்கொண்டிருந்தது நின்று, மெல்ல, பக்கவாட்டில் தலையைத் திருப்பியது.

பார்க்கிறது. எதை? இடப்பக்கம் இப்போது வெறும் தரைதானே.

கண்ணை எடுக்காமல் இடது கையை நீட்டினார். கண்ணாடிக்கு முன்னால், ஜன்னல் பக்கம். படத்துக்குள் ஒரு கையின் நிழல் வந்தது.

இடப்பக்கத்திலிருந்து.

வலது கையை நீட்டினார். வலப்பக்கத்திலிருந்து வந்தது.

ஸ்லைடில் இருப்பதுதான் மாறித் தெரியும். ஜன்னலில் இருப்பதைக் கண்டென்சர் ஒருமுறை மாற்றுகிறது, லென்ஸ் இன்னொருமுறை மாற்றுகிறது. அடியிலுள்ள கண்ணாடி கவிழ்ப்பது மேலையும் கீழையும் மட்டும். இரண்டு தடவை மாறினால் இடம் இடம்தான். வலம் வலம்தான். பத்து வருஷமாக ஸ்லைடையே பார்த்தவர் ஒரு நாளும் ஜன்னலைப் பார்த்ததில்லை.

அது வலப்பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது. பிள்ளையை விட்டு விலகி. கதவுக்கு. வெளியே.

அது போகிற வழியில் அவர் பாயை விரித்திருந்தார்.

மறுபடி குனிந்தபோது படம் சுத்தமாக இருந்தது. ஒன்றுமே இல்லை. வெள்ளை வெளிச்சம்.

வேப்பிலை சரசரக்கும் சத்தம் கேட்டது.

தலையைத் திருப்ப வெகு நேரமாயிற்று. மாடத்தி கண்ணை மூடிக்கொண்டே சுவர்ப்பக்கம் ஒண்டிக்கொண்டிருந்தாள். ராத்திரி அவர் வந்து படுக்கும்போது இடம் விடுவாளே, அப்படி.

"இங்கன படுத்துக்கிடுங்க," என்றாள்.

அவர் ஓடப் பார்த்தார். இரண்டு கைகளும் மேஜை விளிம்பைப் பிடித்திருந்தன. விட முடியவில்லை.

பாயில் அவள் விட்ட இடத்தில் வேப்பிலைகள் ஒவ்வொன்றாக அமுங்கின. கால்மாட்டிலிருந்து. இடுப்பு. தோள். அமுங்கிய இலைகள் நனைந்து கறுத்தன. தலையணையின் பாதி மெல்லப் பள்ளமாயிற்று.

"யப்பா," என்றாள் பிள்ளை, தூக்கத்தில், சுகமாக. "ஒங்க கை குளுகுளுன்னு இருக்கு."

அவள் நெஞ்சின் மேல் கிடந்த போர்வை, ஒரு கை அகலத்துக்கு, உள்ளே இறங்கியது.