கைப்பிடி வைத்த கப்

விரலை நீட்டினால் சின்னவள் பிடிப்பாள். பிறந்த வாரத்திலிருந்தே அது உடும்புப்பிடி. அன்று காலை அவன் குளிர்பதனக் கிடங்கில் இரவு வேலை முடித்து வந்து, கை கழுவி, தொட்டில் கம்பிகளுக்கு நடுவே விரலை விட்டபோது அவள் உள்ளங்கை விரிந்தே கிடந்தது, நனைந்த துணி போல. பக்கத்துத் தொட்டிலில் பெரியவள் கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"பாத்தீங்களா, உங்க பெரிய பொண்ணு பிடிச்சிட்டா!" வங்கிக்குக் கிளம்பிய மனைவி செருப்பை மாட்டியபடியே சொன்னாள். "சின்னது சோம்பேறி. அப்படியே அப்பா."

அவனுக்கு இரவு வேலை, அவளுக்குப் பகல் வேலை. இரட்டைப் பிள்ளைகள் வாசலில் கைமாறுவார்கள். அதனால் பகல் முழுக்க வீடு அவனுடையது: தூக்கத்துக்காக ஜன்னலில் அடித்த கறுப்புத் துணி, அதன் ஓரத்தில் கசியும் நூல் வெளிச்சம், புளித்த பால் வாடை, கொதித்த ரப்பர் வாடை, மின்விசிறியின் கிறீச்சு, அதற்குக் கீழே இரண்டு மூச்சுகள். அந்த அரையிருட்டில் முதலில் குப்புற விழுந்தவள் சின்னவள்தான். முதலில் சிரித்தவளும் அவள்தான், கடைசியில் ஒரு விக்கலோடு. பெரியவள் சும்மா கிடந்து பார்ப்பாள். விசிறியை அல்ல, தங்கையை.

பிறகு ஒரு நாள் பெரியவள் குப்புற விழுந்தாள். சின்னவள் அதன் பிறகு விழவேயில்லை. பெரியவள் சிரித்தாள். கடைசியில் விக்கல் வந்தது. அது அவனுக்குத் தெரிந்த சிரிப்பு. சின்னவளிடம் இனி அது இல்லை.

டாக்டர் சின்னவளின் முழங்காலைத் தட்டிப் பார்த்தாள். "ஒண்ணு வேகம், ஒண்ணு மெதுவு. ஒப்பிட்டுப் பாக்காதீங்க சார்."

"மெதுவு இல்ல டாக்டர். செஞ்சிட்டு இருந்தா. இப்ப விட்டுப்போச்சு."

டாக்டர் அவனுடைய சிவந்த கண்களைப் பார்த்தாள். "நைட் ஷிஃப்ட்டா? ரெண்டும் அச்சு அசல். பெரியவளைப் பாத்துட்டு சின்னவள்னு நினைச்சிருப்பீங்க."

அவன் போனில் எடுத்த வீடியோவைக் காட்டினான். சின்னவள் புரள்கிறாள். பக்கத்து நாற்காலியில் இருந்த மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "இது பெரியவதாங்க" என்றாள். இரண்டுக்கும் ஒரே மாதிரி சட்டை போட்டு அழகு பார்த்தவர்கள் அவனும் அவளும்தானே. அவனால் நிரூபிக்க முடியவில்லை. அடுத்த மாதம் பரிசோதனை எடுக்கலாம் என்று சொன்ன டாக்டர், மனைவி பக்கம் மட்டும் திரும்பி, "பெரியவளுக்கு இனி கப்புல குடிக்கப் பழக்குங்க" என்றாள். அந்த மேஜையை அப்படியே கவிழ்க்க வேண்டும் போல அவனுக்குக் கை துடித்தது.

அதற்குள் சின்னவளுக்குக் கழுத்து நிற்பது போயிருந்தது. உட்காருவது போயிருந்தது. அழுகைகூட. மிச்சமிருந்தது வாயில் ஊற்றியதை விழுங்குவது மட்டும். ஸ்பூன் ஸ்பூனாகப் பால். பெரியவளுக்கோ பாட்டிலை உறிஞ்சத்தான் தெரியும். கப்பை வாயில் வைத்தால் துப்பிவிடுவாள்.

துப்பட்டும். அவளுக்கு அது வரவே கூடாது.

மனைவி வாங்கிவந்த இரட்டைக் கைப்பிடி கப்பை அவன் குப்பையில் போட்டான். அவள் இன்னொன்று வாங்கினாள்.

"பெத்த பிள்ளை வளருதுன்னா பொறாமையா உங்களுக்கு?"

"எடுக்கிறாடி அவ. தங்கச்சிகிட்டேர்ந்து ஒண்ணொண்ணா எடுத்துக்கிறா. கண்ணு தெரியலையா உனக்கு?"

"போய்த் தூங்குங்க."

"தூங்கு, தூங்கு! எல்லாரும் இதே மருந்தைத்தான் எழுதிக் கொடுக்குறீங்க."

விடுமுறை நாள் பிற்பகல். சின்னவளைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டான். மடியில் கிடத்தி, தலையை முழங்கையில் தாங்கி, ஸ்பூனை உதட்டில் வைத்தான். இறங்கியது. மெல்லிய தொண்டையில் ஒரு சிறு அசைவு. அடுத்த ஸ்பூனும் இறங்கியது. அவள் கண்கள் அவன் மேலேயே இருந்தன.

வெளியே சமையலறை அலமாரி திறக்கும் சத்தம். பால் ஊற்றும் சத்தம்.

"வேண்டாம்! அவளுக்குக் கொடுக்காத!"

"ஏங்க கத்துறீங்க? ஒரு வாய்தானே!"

இன்னொரு ஸ்பூன். வாய்க்குள் போனது.

நின்றது.

வெள்ளையாக. அசையாமல். உதட்டு விளிம்புவரை.

தொண்டை அசையவில்லை. அவளைப் பக்கவாட்டில் சாய்த்தான். பால் அவன் மணிக்கட்டில் வழிந்தது. வெதுவெதுப்பாக. தொண்டையை நீவினான். "முழுங்குடா. செல்லம். முழுங்கு." கெஞ்சினான். திட்டினான். ஒன்றும் இல்லை.

வெளியே கைதட்டல்.

"குடிச்சிட்டா! துப்பவே இல்லங்க! வந்து பாருங்க!"

சின்னவளைத் தூக்கியபடியே தாழ்ப்பாளை நீக்கினான். கூடத்துத் தரையில் பெரியவள். இரண்டு கையிலும் கப். பக்கத்தில் குந்தியிருந்த மனைவி, முகமெல்லாம் பல்லாக. பெரியவள் அம்மாவைப் பார்க்கவில்லை. கப்பைக் கீழே வைத்துவிட்டு, அவன் கையில் இருந்ததைப் பார்த்தாள்.

கப் காலி.

பெரியவளின் தொண்டை மட்டும் இன்னும் ஏறி இறங்கியது. மடக். மடக்.

ஒவ்வொரு மடக்குக்கும் அவன் கையிலிருந்தவளின் எடை குறைந்தது.

மனைவி இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தாள்.