மொட்டை டாங்கியும் மாடிவீட்டுப் பீரங்கியும்

வியாழக்கிழமை சாயங்காலம் குண்டூசியின் டாங்கிக்குத் தலை போய்விட்டது. சனிக்கிழமை காலை நூலகத்தில் கைவினைக் கண்காட்சி.

குண்டூசி என்பது வீட்டில் வைத்த செல்லப்பெயர். பத்து வயது. ஆளும் ஒல்லி, சட்டை ஓரத்திலும் எப்போதும் நாலு குண்டூசி குத்தியிருக்கும். ஒரு மாதம் உட்கார்ந்து அட்டையில் அந்த டாங்கியைச் செய்திருந்தாள். சக்கரங்களுக்குச் சட்டைப் பொத்தான். சக்கரங்களைச் சுற்றி ஓடும் பட்டைக்குப் பழைய சைக்கிள் டியூப். மேலே, குழாயோடு சுழலும் தலை. அந்தத் தலையைத்தான், வால் என்று வீட்டில் எல்லாரும் கூப்பிடும் அவளுடைய தம்பி கழற்றிக் குளிப்பாட்டி, குளியலறை ஓட்டைக்குள் விட்டுவிட்டான்.

ஏன்டா இப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு, "அதுக்கு நீச்சல் தெரியும்னு நெனச்சேன்க்கா" என்றான்.

குண்டூசி கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, நூலகத்திலிருந்து எடுத்து வந்த புத்தகத்தைப் புரட்டினாள். அதில் ஒரு படம் இருந்தது. போர்க்காலத்தில் ஒரு படையிடம் பழைய சின்ன டாங்கிகள்தான் மிச்சம். எதிரியிடமிருந்து கைப்பற்றிய பெரிய பீரங்கிகளோ சும்மா கிடந்தன. படைவீரர்கள் டாங்கியின் தலையைக் கழற்றிப் போட்டார்கள். அந்த இடத்தில் எதிரியின் பீரங்கியை ஏற்றி, மூன்று பக்கமும் இரும்புத் தகட்டை நிறுத்தினார்கள். கூரை கிடையாது. பார்க்கக் கோணல்மாணலாக இருந்தாலும் வேலை நடந்தது.

அப்படியானால் தலை வேண்டாம். ஒரு பீரங்கி கிடைத்தால் போதும்.

மறுநாள் பள்ளிவிட்டு வரும்போது, படிக்கட்டின் அடியில், செருப்பு அலமாரிக்குப் பின்னால் ஒரு பீரங்கி கிடந்தது. விரல் நீளம். கரும்பச்சை வண்ணம். யாருடையது என்று கேட்கவே வேண்டாம். அந்தக் கட்டடத்தில் அப்படிச் செய்யத் தெரிந்தவன், தளபதி என்று எல்லாரும் கூப்பிடும் மாடிவீட்டுப் பையன் ஒருவன்தான். அவள் வகுப்புதான். ஆனால் இரண்டு வாரமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அவளுடைய டாங்கி சோப்பு டப்பா மாதிரி இருக்கிறது என்று அவன் வகுப்பு முழுக்கச் சொல்லியிருந்தான்.

வால் உடனே தீர்ப்புச் சொன்னான். "எதிரிகிட்டேருந்து எடுத்தா அது நமக்குத்தான்க்கா. உன் புக்லயே போட்டிருக்கு."

குண்டூசிக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பற்பசை டப்பா அட்டையை வெட்டி மூன்று சுவர் எழுப்பினாள். நடுவில் பீரங்கியை ஒட்டி, பசை காயும்வரை முன்பக்கம் ஒரு ரப்பரை முட்டுக் கொடுத்தாள். 'கைப்பற்றிய பீரங்கி பொருத்திய டாங்கி' என்று ஒரு சீட்டும் எழுதினாள். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

கிட்டப் போய்ப் பார்த்தாள். பீரங்கிக் குழாயின் முனையில் மெல்லிய நூலைச் சுற்றிச் சுற்றி வளையம் செய்திருந்தான். ஒரு இழைகூடப் பிசகவில்லை. அதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

வெளியே ஏதோ சுரண்டும் சத்தம். எட்டிப் பார்த்தாள். தளபதி முட்டி போட்டு, ஒவ்வொரு படியின் இடுக்கிலும் அடிக்கோலை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான். அவனுடைய மெக்கானிக் சித்தப்பா திருட்டு முழியோடு பக்கத்தில் நின்றார். காலையில் ஸ்கூட்டரைப் பின்னால் எடுக்கும்போது அவனுடைய டாங்கி மேல் ஏற்றிவிட்டாராம். டாங்கி சப்பையாகிவிட்டது, பீரங்கி மட்டும் எங்கேயோ பறந்துவிட்டது என்றார்.

குண்டூசி உள்ளே போய் டாங்கியைக் கையில் எடுத்தாள். கொடுக்காதே என்று வால் பாவாடையைப் பிடித்து இழுத்தான்.

"எந்த எதிரிடா முட்டி தேய தேய படிக்கட்டுல தேடுவான்?" என்று கேட்டுவிட்டு அவள் வெளியே வந்தாள்.

டாங்கியைத் தளபதியிடம் நீட்டினாள். "இது உன்னோடது. பசை இன்னும் காயல. கழட்டிக்கலாம்."

கத்தப்போகிறான் என்று நினைத்தாள். அவனோ வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அட்டைச் சுவரை விரலால் தடவினான்.

"கூரை இல்லையே?"

"நிஜத்துலயும் இல்ல. மழை பெஞ்சா நனையவேண்டியதுதான்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாங்கியைப் படியில் வைத்தான். அது மூக்கைத் தரையில் இடித்துக் கும்பிடு போட்டது. பீரங்கி குடைக்கம்பியில் செய்தது, முன்பாரம் தாங்கவில்லை.

பின்னால் கனம் வைத்தால் நிற்கும் என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். சித்தப்பா கேட்பதற்கு முன்பே சட்டைப்பையைக் கவிழ்த்தார். அதிலிருந்து விழுந்த நட்டுகளில் ஒன்றை ஒட்டினார்கள். போதவில்லை. இரண்டாவதை ஒட்டியதும் டாங்கி நிமிர்ந்து நின்றது.

"கழட்டவா?" என்று மறுபடியும் கேட்டாள் குண்டூசி.

"வேணாம். என்கிட்ட டாங்கி இல்ல, உன்கிட்ட பீரங்கி இல்ல. ஆனா அந்தச் சீட்டை மாத்திடு. நீ எதையும் கைப்பற்றல, நான் கொடுத்தேன்."

அவள் சீட்டைத் திருப்பி, 'டாங்கி: கீழ்வீடு. பீரங்கி: மாடிவீடு' என்று எழுதினாள்.

சனிக்கிழமை நூலக அக்கா அதை ஜன்னலோர மேசையில் வைத்தார். தொட வந்த கைகளை எல்லாம் வால் தட்டிவிட்டுக்கொண்டிருந்தான். பார்க்க வந்தவர்களுக்குச் சக்கரம் வரைக்கும் குண்டூசி விளக்கினாள். அதற்கு மேலே தளபதி பிடித்துக்கொண்டான். மத்தியானம் நூலகத்தைப் பூட்டும்போது இருவருக்கும் தொண்டை கட்டியிருந்தது. அப்படியும் வழி நெடுகப் பேசிக்கொண்டேதான் வீடு வந்து சேர்ந்தார்கள்.